பெட்டிக்குள் பூ

1

வரலாறு மிஞ்சியவற்றைப் பற்றியே பேசுகிறது. கல், பானை, பொன் எல்லாம் மிஞ்சுகின்றன. அவற்றைப் பற்றி எழுதுகிறார்கள். செத்தவரோடு வைத்த பூ மூன்றாம் நாள் அழுகிவிடுகிறது. ஆகவே சாவைப் பற்றிய நம் வரலாற்றெழுத்தில் பூவுக்கு இடமில்லை; பூவை வைத்த கைக்கும் இடமில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பூவைப் பற்றியது. பாடையின் மேல் போடுகிற மாலை என் விஷயம் இல்லை. தாழிக்கும் குழிக்கும் பெட்டிக்கும் உள்ளே வைக்கப்பட்டு, மூடிக்குக் கீழே போய்விடுகிற பூவே என் விஷயம்.

இரண்டையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாடைப்பூ தெருவுக்கானது. மூங்கிலும் தென்னங்கீற்றும் தெரியாமல் மறைக்கவும், இன்னார் வீட்டுச் சாவு என்று ஊருக்குச் சொல்லவும், வழிநெடுகப் பிய்த்து எறியவும் அது பயன்படுகிறது. உள்ளே வைத்த பூவுக்கு இந்தக் காரியங்கள் எதுவும் இல்லை. அதைப் பார்க்க யாரும் இல்லை. பார்ப்பவர் இல்லாத ஓர் அலங்காரத்தை மனிதன் ஏன் செய்கிறான் என்ற கேள்வி, கவிதை எழுதுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் இருக்கிற பாலவனத்தத்துக்கு இலக்கிய வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1901ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் (1867–1911) இந்த ஊர் ஜமீன்தார். ஊரின் வட்டாரத்துக்கோ இன்னொரு முகவரி, மல்லிகை. கரிசல் விட்டுச் செவல் தொடங்குகிற இடங்களில், கிணற்றுத் தண்ணீரை நம்பி, மானாவாரிக் காடுகளுக்கு நடுவே பச்சையாகச் சில குறுக்கம் மல்லிகை நிற்கும். அருப்புக்கோட்டையை அரும்புக்கோட்டை என்று பெயர்க்காரணம் சொல்கிறவர்கள் உண்டு. பழைய இலக்கியத்தில் அருப்பம் என்றாலே கோட்டைதான் என்று புலவர்கள் மறுப்பார்கள். சண்டை நமக்கு வேண்டாம். வங்கியில் என் மேஜைக்கு வருகிற பூக்காரர்கள் பூவுக்கு மூன்று செலவு சொல்கிறார்கள்: கோயில், கல்யாணம், கேதம். முதலிரண்டுக்கும் நாள் தெரியும். கேதத்துக்கு அந்த மணிநேரமே வேண்டும். அங்கே பேரம் கிடையாது. மூன்றாவது செலவைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

2

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்துப் பகுதி, பிணத்தை என்ன செய்வது என்பதற்கு ஐந்து வழிகளைக் காட்டுகிறது: எரித்தல், வெட்டவெளியில் விட்டுவிடுதல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைத்தல், தாழியால் கவித்தல். முதலிரண்டுக்கும் உள்புறம் என்று ஒன்று கிடையாது. பின் மூன்றுக்கும் உண்டு. நம்முடையது எரிக்கிற மரபு, பெட்டி என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது இந்த ஒரு பகுதியோடு அடிபட்டுப்போகிறது.

தாழிக்குப் புறநானூற்றில் இரண்டு நல்ல கவிதைகள் உண்டு. 228ல் ஐயூர் முடவனார் கிள்ளிவளவனுக்குத் தாழி வனையப்போகிற குயவனைப் பார்த்து, உலகத்தையே சக்கரமாகவும் மேருவையே மண்ணாகவும் கொண்டால்தான் உன்னால் முடியும் என்கிற தோரணையில் பேசுகிறார். அது அரசனின் அளவு. 256ல் பெயர் தெரியாத ஒரு பெண் குயவனிடம் கேட்பது வேறு: எனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அகலமாகச் செய். முதல் கவிதைக்குத் தாழியின் வெளிப்புறமே போதும். இரண்டாவது தாழிக்குள் எட்டிப் பார்க்கிறது. நான் சொல்லவரும் வித்தியாசம் முழுவதும் இந்த இரண்டு கவிதைகளுக்கு நடுவே இருக்கிறது.

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ தோண்டியெடுத்த தாழிகளில் இரும்பும் வெண்கலமும் இருந்தன. நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்தன. துணியின் தடம் இருந்தது. நெற்றியில் வைத்துக் கட்டுகிற பொன் பட்டங்களும் கிடைத்தன. மெல்லிய தகடு, நீள்வட்டம், இரு நுனியிலும் கட்டுவதற்கு நீண்ட வால். பொன்னைத்தான் எல்லோரும் பேசினார்கள். நான் அந்த வாலைப் பார்க்கிறேன். தலையில் பூவைத் தொடுத்துக் கட்டிப் பழகிய கைதான் பொன்னையும் அப்படிக் கட்ட நினைத்திருக்கும். யூகம்தான், ஆனால் உமி மிஞ்சுகிற இடத்தில் பூ மிஞ்சாது என்பதை வைத்துப் பூவே இருந்ததில்லை என்று முடிவு கட்டுவதும் யூகம்தான்.

பூவுக்கு ஆதாரம் தேடுவதில் உள்ள ஆபத்தை ஈராக்கின் ஷானிதர் குகை காட்டிற்று. 1960ல் ரால்ஃப் ஸோலெக்கி அங்கே ஒரு நியாண்டர்தால் மனிதனின் எலும்புக்கூட்டைக் கண்டார். சுற்றியிருந்த மண்ணில் பூந்தாது கொத்துக்கொத்தாக இருப்பதாக ஆர்லெட் லெருவா-கூரான் சொன்னார். பூவின் மேல் கிடத்திப் புதைத்திருக்கிறார்கள் என்று முடிவாயிற்று. 1971ல் ஸோலெக்கி தம் புத்தகத்தில் அவர்களை முதல் மலர்மக்கள் என்றே அழைத்தார். அந்த ஆண்டுகளில் அமெரிக்க இளைஞர்கள் தலையில் பூ வைத்துக்கொண்டு திரிந்ததையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பிறகு வந்தவர்கள் தாதைக் கொண்டுவந்தது வளை தோண்டும் எலிகளாக இருக்கலாம் என்றார்கள். 2023ல் வெளியான ஆய்வு, மண்ணில் கூடு கட்டும் தேனீக்களைக் கைகாட்டுகிறது. துக்கம் என்று நாம் படித்தது தேனீயின் சமையலறையாக முடிந்தது.

நேர் எதிரான சாட்சியும் ஒரு பூச்சிதான். 1881ல் எகிப்தின் தேர் எல்-பஹ்ரியில் ஒளித்துவைக்கப்பட்டிருந்த அரசர்களின் உடல்கள் வெளியே வந்தன. முதலாம் அமென்ஹோட்டெப்பின் பெட்டிக்குள் தலை முதல் கால் வரை மாலைகள். அவற்றுக்கு நடுவே காய்ந்துபோன ஒரு குளவி. பூ வாசனைக்கு உள்ளே வந்து, மூடியபோது மாட்டிக்கொண்டிருக்கிறது. மூடும்போது பூ புதிதாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது.

3

தேர் எல்-பஹ்ரி மாலைகளைத் தாவரவியலாளர் ஷ்வைன்ஃபுர்த் பிரித்துப் பார்த்தார். பேரீச்ச ஓலையைக் கிழித்து நீளமாக எடுத்து, அதன் மேல் ஓர் இலையை இரண்டாக மடித்துப் போட்டு, மடிப்புக்குள் ஆம்பல் இனத்து இதழ் ஒன்றைச் செருகி, மெல்லிய ஓலை நாரால் வரிசையாகத் தைத்திருக்கிறார்கள். அந்த இலை நம் மகிழ மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. நம் ஊரில் வாழைநாரை நனைத்து, இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்துக் கண்ணி போட்டு இழுக்கிறார்கள். முறை வேறு, பிரச்னை ஒன்று. காய்ந்தால் அறுந்துவிடுகிற நாரைக் கொண்டு, வாடிவிடுகிற பூவை, அசைக்கும்போது சரியாதபடி நிறுத்த வேண்டும். மூவாயிரம் வருஷம் தாங்குவதற்காக யாரும் அதைத் தைக்கவில்லை. மூடுகிற வரைக்கும் தாங்கினால் போதும். அந்த ‘போதும்’ என்பதற்குள் இத்தனை நறுவிசு.

துட்டங்காமன் கல்லறையில் 1924 பிப்ரவரியில் கல்பேழையின் மூடியைத் தூக்கியபோது, வெளிப்பெட்டியின் நெற்றியில் சின்னஞ்சிறு பூவளையம் ஒன்று இருந்தது. சுற்றிலும் அத்தனை தங்கம். ஹாவர்ட் கார்ட்டரை அசைத்தது அந்த வளையம்தான். இளம் விதவை வைத்த கடைசிப் பூ என்று அவர் நினைத்தார். நினைத்தது காதல்கதை வாசகரின் மனம். விதவைதான் வைத்தாள் என்பதற்குச் சான்று கிடையாது. ஆனால் 1925ல் உள்பெட்டிகளைத் திறந்தபோது கிடைத்த மாலைகளைப் பெர்ஸி நியூபெரி ஆராய்ந்து, அந்தப் பூவும் காயும் ஒருசேரக் கிடைக்கும் பருவத்தை வைத்து, அடக்கம் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசிக்குள் நடந்திருக்க வேண்டும் என்றார். தங்கம் சொல்லாத மாதத்தைப் பூ சொல்லிற்று.

4

கார்ட்டரின் விதவையை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். இங்கே விதவை பூ வைப்பதில்லை. அவளிடமிருந்து பூ எடுக்கப்படுகிறது. சாதிக்குச் சாதி நாளும் முறையும் மாறும், நடப்பது ஒன்றுதான். கடைசியாக ஒரு தடவை தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலும் போட்டு உட்காரவைத்து, பிறகு எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள். செத்தவன் மேல் குவிகிற பூவும் அவள் தலையிலிருந்து இறங்குகிற பூவும் ஒரே கணக்கின் வரவும் பற்றும்.

இது எப்போதும் இப்படி இருந்ததா? புறநானூறு 242ல் குடவாயிற் கீரத்தனார் ஒல்லையூர் முல்லையைப் பார்த்துப் பேசுகிறார். பெருஞ்சாத்தன் இறந்துவிட்டான். இளைஞர் சூடவில்லை, வளையணிந்த பெண்கள் பறிக்கவில்லை, பாணன் சூடவில்லை, பாடினி அணியவில்லை. இந்த நிலையிலும் பூத்து நிற்கிறாயா என்று கேட்கிறார். இந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். ஆணும் பெண்ணும், ஊராரும் வந்து பாடுகிறவரும், எல்லோருமே பூவை விட்டுவிடுகிறார்கள். துக்கம் ஊரின் பொதுச்சொத்தாக இருக்கிறது. பின்னால் வந்த சமூகத்தில் மற்ற எல்லோரும் மறுநாளே பூச்சூடிக்கொண்டார்கள்; விட்டவள் ஒருத்தி மட்டும். கவிதையில் ஊர் முழுவதும் சுமந்ததை நடைமுறையில் ஒரு பெண்ணின் தலையில் இறக்கிவைத்தார்கள்.

புறநானூறு 1894ல் அச்சேறியது. பண்டிதர்கள் அதன் பூக்களைத் திணை வாரியாக மனப்பாடம் செய்தார்கள். வெட்சி, கரந்தை, வஞ்சி, நொச்சி, உழிஞை, தும்பை, வாகை என்று போரின் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பூ. நான் மேலே சொன்ன மூன்று சாவுப் பாடல்களும் பொதுவியல் என்ற தலைப்பின் கீழே நிற்கின்றன. பொதுவியல் ஒரு பூவின் பெயர் இல்லை. கொல்வதற்குப் பூ வைத்த இலக்கணம் அழுவதற்கு வைக்கவில்லை. இதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. இலக்கணம் செய்தவர்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ, சாவுக்கு முன்னால் பூ ஒரு சின்னமாக நிற்க முடியாது என்பது அங்கே பதிவாகியிருக்கிறது.

பாலவனத்தம் பக்கத்துத் தோட்டங்களில் மல்லிகை விடிவதற்கு முன்பே பறிக்கப்படுகிறது. அரும்பாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும்; விரிந்தால் விலை இல்லை. பறிப்பவர்கள் பெண்கள், கூலி கிலோக் கணக்கில். மடியில் அரும்பு நிறைந்து கனக்கும். அவர்களில் புருஷனை இழந்தவர்கள் நிறையப் பேர். சூடக்கூடாது என்று இன்று யாரும் அவர்களிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர்களே சூடுவதில்லை. அதே ஊரில் ஒரு கட்டுக்கழுத்தி இறந்தால், அவர்கள் பறித்த பூவையே முழம் முழமாக அவள் கொண்டையில் சுற்றிக் கிடத்துகிறார்கள். செத்த சுமங்கலிக்கு உள்ள உரிமை உயிரோடிருக்கும் விதவைக்குக் கிடையாது. 2013ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூவின் மணத்தையும் இதழின் கனத்தையும் பற்றி எழுதியவர்கள் இந்தக் கணக்கை எழுதவில்லை.

5

உள்ளே வைக்கும் பூவுக்கு வேறொரு நியாயமும் தமிழில் உண்டு. திருமந்திரத்தின் ஏழாம் தந்திரத்தில் சமாதிக் கிரியை என்று ஒரு பகுதி வருகிறது. ஞானியின் உடலை எரிக்கக்கூடாது, குகை போலக் குழி செய்து இருத்த வேண்டும் என்று சொல்லி, உள்ளே என்னென்ன வேண்டும் என்பதையும் அது வரிசைப்படுத்துகிறது. தேன் கசியும் மாலை, களபம், கஸ்தூரி, சாந்து, புழுகு, பன்னீர், பிறகு தூபம். படிக்கும்போது இரங்கல் பாடலைப் படிக்கிற உணர்வே வருவதில்லை. வேலையைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, அடுத்தது இது, அடுத்தது இது என்று சொல்வது போல் இருக்கிறது. எனக்கு அந்த வறட்சி பிடித்திருக்கிறது. அங்கே பூ அழுகைக்காக வைக்கப்படவில்லை. உள்ளே இருப்பவர் சாகவில்லை, கல்லைப் போல, லிங்கத்தைப் போல அமர்ந்துவிட்டார் என்பதால் வைக்கப்படுகிறது. கருவறைக்குப் போடுகிற அதே பூ.

அருப்புக்கோட்டைக்கு அப்பால் திருச்சுழியில் 1879ல் பிறந்த ரமணர், 1950 ஏப்ரல் 14ந் தேதி திருவண்ணாமலையில் இறந்தபோது அவரையும் எரிக்கவில்லை. குழியில் இருத்தி, கற்பூரமும் உப்பும் விபூதியும் நிரப்பி மூடினார்கள். இந்த வறண்ட சீமையில் ஞானிக்குக் குழி, ஜமீனுக்குப் பூப்பல்லக்கு, சம்சாரிக்குப் பாடை என்று சாவிலும் படிநிலை உண்டு. பூவின் அளவைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

6

பெட்டிக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் காஸ்கெட் என்பது முதலில் நகைப்பெட்டி. 19ம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கச் சாவு வியாபாரிகள் காஃபின் என்ற வார்த்தையின் கசப்பை மறைக்க இதை எடுத்துக்கொண்டார்கள். 1863ல் வெளியான தம் புத்தகம் ஒன்றில் நத்தானியல் ஹாதார்ன், இந்தப் புதிய சொல்லைக் கேட்டால் புதைக்கப்படுவதன் மேலேயே அருவருப்பு வருகிறது என்ற பொருளில் எரிந்து விழுந்தார். அவர் எரிச்சல் பலிக்கவில்லை. மூடி இரண்டு துண்டாயிற்று; மேல் பாதியைத் திறந்துவைத்து முகம் காட்டினார்கள்; திறந்த மூடியின் உள்பக்கத்தில் பட்டுத் துணி, அதில் சிறு பூங்கொத்தைக் குத்திவைப்பது என்று ஒரு தொழிலே வளர்ந்தது. தமிழிலும் இதே கதை நடந்தது. கிறிஸ்தவக் குடும்பங்களில் அது வெறும் பெட்டிதான். 2016ல் ஜெயலலிதாவையும் 2018ல் கருணாநிதியையும் மெரினாவில் அடக்கம் செய்தபோது பத்திரிகைகளுக்கு அது சந்தனப் பேழை. பேழையும் நகை வைக்கிற பெட்டிதான். இரண்டு மொழிகளும் தனித்தனியாக ஒரே பொய்யைக் கண்டுபிடித்தன.

மதுரையில் பெட்டி செய்யும் பட்டறை ஒன்றில் வேலையைப் பார்த்திருக்கிறேன். பலகையைச் சேர்ப்பது அரை வேலைதான். வெள்ளைச் சாட்டின் துணியைக் கொசுவிக் கொசுவி உள்விளிம்பில் சிற்றாணி அடித்துக்கொண்டே போகிறார்கள்; ஆணித்தலை தெரியாமல் மேலே லேஸ். தலையணைக்குள் இழைப்புளிச் சுருள். பெட்டி யாருக்கென்று தெரியாமலே முன்கூட்டிச் செய்துவைக்கப்படுவதால் அதில் நிஜப் பூ வைக்க முடியாது. துணிப்பூவும் பிளாஸ்டிக் பூவும் ஊசி நூலால் தைக்கப்படுகின்றன. கொத்து பக்கவாட்டில் இருக்க வேண்டும், மூடும்போது முகத்தில் படக்கூடாது. இந்த ஒரு விதியை அந்தத் தொழிலாளி இரண்டு தடவை சொன்னார். மூடிய பிறகு பட்டால் யாருக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவருடைய வேலையின் கண்ணியம் முழுவதும் அந்த யாருக்கும் தெரியாத இரண்டு அங்குலத்தில் இருந்தது.

பிளாஸ்டிக் என்றதும் ரசனையுள்ளவர்கள் முகம் சுளிக்கலாம். ஹாம்லெட்டில் ஒஃபீலியாவின் அடக்கத்தின்போது பாதிரியார், அவளுக்குக் கன்னிமாலையும் தூவுகிற பூவும் அனுமதித்ததே அதிகம் என்று குறைபட்டுக்கொள்கிறார். அந்தக் கன்னிமாலைகள் பல காகிதத்தால் ஆனவை. ஹாம்ப்ஷயரின் அபட்ஸ் ஆன் கிராமத்துக் கோயிலில் 1740லிருந்து வந்த காகித மாலைகள் இன்னும் தொங்குகின்றன. பெண்ணின் பெட்டியோடு போய், பிறகு திரும்பிச் சுவரில் தங்கிவிட்டவை அவை. மிஞ்ச வேண்டும் என்று நினைத்தவர்கள் காகிதத்துக்குப் போனார்கள். போகட்டும் என்று நினைத்தவர்கள் பூவோடு நின்றார்கள். இரண்டும் துக்கம்தான்.

நிஜப் பூவின் தூய்மையும் கேள்விக்குரியதே. இன்று நம் சாவு மாலைகளைக் கட்டிக்கொடுக்கிற செண்டுமல்லி மெக்ஸிகோவிலிருந்து கடல் கடந்து வந்தது. அங்கே நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருகிற நாளில் வழிகாட்டப் போடுகிற பூ அது. நிலச்சம்பங்கியும் மெக்ஸிகோதான், வாடாமல்லி மத்திய அமெரிக்கா. தொன்றுதொட்டு என்று நாம் சொல்கிற மாலை, ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகு கட்டப்பட்டது. பூ வந்தபோது அதன் அர்த்தத்தை யாரும் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை. ஆனாலும் மெக்ஸிகோவின் சாவுப்பூ இங்கே வந்து சாவுக்கே நின்றது. நிறமும் மலிவும் கனத்துக்கு வாடாமல் நிற்பதும் காரணமாக இருக்கலாம்.

7

இப்போது கண்ணாடி மூடிபோட்ட குளிர்பெட்டி வாடகைக்கு வருகிறது. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும் வரை உடம்பு அதில் இருக்கிறது. வருகிற மாலை எல்லாம் கண்ணாடிக்கு மேலே விழுகிறது. முகம் தெரிவதற்காக அவ்வப்போது ஒதுக்கிவிடுகிறார்கள். நூறு மாலை போட்டாலும் ஒன்றும் உடம்பைத் தொடுவதில்லை. பூவைக் கையில் எடுத்துச் செத்தவரின் தோளுக்குப் பக்கத்தில் வைக்கும்போது அந்தச் சில்லிப்பு விரலில் தெரியும். பூவைச் சாக்காக வைத்து நாம் கடைசியாகத் தொட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சாக்குப் போய்விட்டது.

நம் இரங்கற்பாக்களும் இந்தக் கண்ணாடி மேல் விழுகிற மாலைகள்தாம். சரமகவியிலிருந்து இன்றைய கவியரங்க அஞ்சலி வரை எடுத்துப் பாருங்கள். எத்தனை மலர், எத்தனை வளையம், எத்தனை கண்ணீர்ப்பூ! எல்லாம் தெருவைப் பார்த்துக் கட்டியவை. கீரத்தனார் ஒரு பூவையும் வைக்கவில்லை. பறிக்காமல் நின்ற பூவைக் காட்டினார். குயவனிடம் பேசிய பெண்ணும் பூ கேட்கவில்லை. உள்ளே இடம் கேட்டாள். இரண்டு பேரும் பார்வையாளரை மறந்தவர்கள். ஒரு கவிதை யாருக்காகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சோதனை எனக்குத் தெரியவில்லை: மூடிய பிறகும் அது அங்கே இருக்க வேண்டுமா?

மல்லிகையை அரும்பாகப் பறிக்கிறார்கள் என்று சொன்னேன். அது விரிவது அந்தி சாய்ந்த பிறகு. பாலவனத்தம் பக்கம் அடக்கம் பொழுது இறங்குவதற்குள் முடிந்துவிடும். விடியலில் பறித்து, மத்தியானம் தொடுத்து, நாலு மணிக்குப் பெட்டிக்குள் வைத்த பூ, மண்ணைத் தள்ளி, தண்ணீர் தெளித்து, எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிக் குளித்துக்கொண்டிருக்கும்போதுதான் உள்ளே விரிகிறது. தொடுத்தவர்களுக்கு இது தெரியும். தெரிந்துதான் தொடுக்கிறார்கள்.